சூரைக்குக் கயிறு

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலை கடலூர் முதுநகர் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போயிருந்தேன். வஞ்சிரம் வாங்கப் போனவன், வாங்காமல் ஒரு மணி நேரம் நின்றுவிட்டேன். காரணம், சிமெண்டுத் தரையில் கிடந்த ஒரே ஒரு மீன். பத்து வயதுப் பையன் நீளம் இருக்கும். முதுகு கருநீலம். முதுகிலும் வயிற்றிலும் அரிவாள் போல வளைந்த மஞ்சள் துடுப்புகள். பக்கத்தில் ஒரு பெரியவர் குந்தியிருந்தார். என்னைவிட நாலைந்து வயது கூடவே இருக்கும்.

"இது என்ன மீனுங்க ஐயா?"

"சூரைதான் சார். பெரிய சூரை. கன்னியாகுமரி பக்கத்து ஆளுங்க கேரைன்னுவாங்க."

"சுருக்குவலையில வந்ததா?"

அவர் முகம் சுளித்தது. "வலையா? கயிறு சார். ஒத்தக் கயிறு. ஆழத்துல எறக்கி உட்டுட்டு, போட்ட ஓட்டிக்கிட்டே வரணும். அதுவா வந்து கடிக்கும்."

போட்டை ஓட்டிக்கொண்டே வருவது என்ற அந்த ஒரு சொல்லில் எனக்கு அறுபது வருஷம் பின்னால் போய்விட்டது. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். எங்கள் வாசகப் புத்தகத்தில் ஒரு கப்பல் படம் உண்டு. இரண்டு பாய்மரம். நடுமரத்திலிருந்து இரண்டு பக்கமும் தும்பியின் மீசை போல நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு நீண்ட கழிகள். ஒவ்வொரு கழியிலும் வரிசையாகக் கயிறுகள் கட்டி, கடலில் இழுபட்டுக்கொண்டு வரும். அந்தக் கழிக்குப் பெயர் 'தாங்கோன்'. மீனுக்குப் பெயர் 'தோன்'. அதுதான் நம் சூரை. இரண்டையும் மாற்றிச் சொல்லிவிட்டு வாத்தியாரிடம் காது முறுக்கு வாங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

அந்தப் படம் பிரிட்டனி மாகாணத்துக் கப்பலுடையது. அங்கே க்ருவா என்று ஒரு சின்னத் தீவு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து சுமார் 1940 வரை பிரான்சின் சூரை மீன்பிடிப்பில் அந்தத் தீவுதான் முதலிடம். தேவாலயக் கோபுரத்தின் உச்சியில் காற்றின் திசை காட்ட ஐரோப்பாவில் எங்கும் சேவல் வைப்பார்கள். க்ருவாவில் மட்டும் சூரை மீன் வைத்தார்கள். சோறு போட்ட மீன் அல்லவா! தூண்டிலில் இரை எதுவும் கிடையாது. சோளக்கதிரின் உலர்ந்த தோலையும் குதிரை மயிரையும் கொக்கியில் சுற்றி விடுவார்கள். கப்பல் ஓடுகிற வேகத்தில் அது சின்ன மீன் துள்ளுவது போலத் தெரியும். சூரை ஏமாந்து கவ்வும். 1930 செப்டம்பரில் ஒரு பெரும்புயலில் அந்தக் கடற்கரைச் சூரைக் கப்பல்கள் பல திரும்பவில்லை. 200 பேருக்கு மேல் மாண்டார்கள். எங்கள் பாடத்தில் கடைசி வரி அதுதான்.

இங்கே ஒரு வேடிக்கை. பிரெஞ்சுக்காரர் 'அல்பாக்கோர்' என்று சொல்வது, அன்று நான் தரையில் பார்த்த மஞ்சள் துடுப்புச் சூரையை. ஆங்கிலேயர் 'அல்பகோர்' என்று சொல்வது வேறு ஒரு சூரை. அதற்குப் பிரெஞ்சில் பெயர் 'ஜெர்மோன்'. க்ருவாக்காரர் பிடித்தது ஜெர்மோனைத்தான். ஒரே சொல்லை இரண்டு தேசமும் இரண்டு மீனுக்கு வைத்துக்கொண்டு ஏற்றுமதிக் காகிதங்களில் எவ்வளவு குழப்பியிருப்பார்களோ தெரியாது. நம் ஊரில் அந்தத் தொல்லை இல்லை. சூரை, வரிச்சூரை, எலிச்சூரை என்று முன்னொட்டு போட்டு முடித்துவிட்டார்கள்.

சரி, நம் கடலுக்கு வருவோம்.

கடலூர், பரங்கிப்பேட்டை வாசிகளில் பலருக்கு நம் வாசலில் இருக்கும் கடலின் அமைப்பு தெரியாது. கரையிலிருந்து ஆழமில்லாத திட்டு ஒன்று கடலுக்குள் நீண்டு, அது முடிகிற விளிம்பில் ஆழ்கடல் தொடங்கும். குஜராத், மும்பை பக்கம் இந்தத் திட்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும். நமக்கு அப்படியில்லை. புதுச்சேரிக்கும் கடலூருக்கும் எதிரே அது குறுகல். போதாக்குறைக்கு அந்த விளிம்பை அறுத்துக்கொண்டு கடலடியில் பெரிய பள்ளத்தாக்குகள் இருக்கின்றன. நிலநூலார் அவற்றுக்குப் புதுச்சேரிப் பள்ளத்தாக்கு, கடலூர்ப் பள்ளத்தாக்கு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அதாவது, வேறு ஊர்க்காரன் இரண்டு நாள் ஓடிச் சேர வேண்டிய ஆழம் நம்மாளுக்குச் சில மணி நேரத்தில் கிடைத்துவிடும். சூரைக்குப் பிடித்த இடம் அந்த விளிம்புதான்.

சூரை ஒரு விசித்திரமான பிராணி. மற்ற மீன் போல செவுளை அசைத்து மூச்சுவிட அதற்கு வராது. வாயைத் திறந்துகொண்டு நீந்திக்கொண்டே இருந்தால்தான் மூச்சு. நின்றால் செத்துவிடும். பிறந்தது முதல் சாகும் வரை ஓட்டம்தான். அந்த ஓட்டத்தால் அதன் உடம்பு சுற்றியுள்ள தண்ணீரைவிடச் சூடாக இருக்கும். சதை சிவப்பாக, ஆட்டுக்கறி போல இருப்பதும் அதனால்தான். நம் பக்கத்துப் பெண்கள் 'ரத்த மீன்' என்று ஒதுக்குவதும் அதனால்தான். வஞ்சிரத்துக்கும் வவ்வாலுக்கும் இருந்த மரியாதை கடலூர் மார்க்கெட்டிலோ சிதம்பரம் மார்க்கெட்டிலோ சூரைக்கு ஒருநாளும் இருந்ததில்லை. ஆனால் அதே குடும்பத்து மீனை மாலத்தீவிலும் மினிக்காயிலும் அவித்து, புகையிட்டு, கட்டையாகக் காயவைத்து 'மாசி' என்று அனுப்பினால் இலங்கைத் தமிழர் வீட்டில் அது இல்லாமல் சம்பல் இல்லை.

பெரிய சூரை விடியலிலும் அந்தியிலும் மேலே வரும். பறவைக் கூட்டம் கடலில் விழுந்து விழுந்து எழுந்தால் கீழே சூரை இருக்கிறது என்று பொருள். வெயில் ஏறினால் அது கீழே இறங்கிவிடும். மேல்தண்ணீர் சூடு, அடித்தண்ணீர் குளிர். இரண்டும் சந்திக்கிற ஒரு மட்டம் இருக்கிறது. பெரும்பாலும் அந்த மட்டத்தை ஒட்டித்தான் பகல் முழுக்கத் திரியும். மேலோட்டமாகக் கயிறு இழுப்பவனுக்குக் காலையில் நாலு கடி கிடைக்கும், பத்து மணிக்கு மேல் கடல் காலியானது போல இருக்கும். மீன் எங்கும் போகவில்லை. கீழே இருக்கிறது.

அங்கே கயிற்றை இறக்குவதுதான் வித்தை. படகு ஓடினால் கயிறு மேலே எழும்பும், தண்ணீர் தூக்கிவிடும். வெறும் ஈயக்குண்டு கட்டினால், படகு மெதுவாகப் போனால்தான் அது கீழே நிற்கும்; மெதுவாகப் போனால் சூரை கடிக்காது. இதற்காக ஒரு சின்னப் பலகை உண்டு. உள்ளங்கை அகலத்தில் உலோகத் தகடோ மரமோ, முன்பக்கம் கனத்துக்கு ஈயம் வைத்து, சாய்வாகக் கயிற்றில் கட்டியிருக்கும். பட்டம் விட்டவர்களுக்கு உடனே புரியும். பட்டத்தைச் சாய்வாகச் சூத்திரம் போட்டுக் கட்டினால் காற்று அதை மேலே தள்ளுகிறது. அதே சாய்வைத் தலைகீழாக்கித் தண்ணீரில் போட்டால், தண்ணீர் அதைக் கீழே தள்ளும். படகு வேகமாகப் போகப் போக அது இன்னும் ஆழத்துக்குக் குத்திட்டு இறங்கும். மீன் கடித்து இழுத்தவுடன் அந்தச் சாய்வு கவிழ்ந்து, பலகை மல்லாந்து, மீனோடு சேர்ந்து மேலே வந்துவிடும். இதைப் பெரியவர் தன் செல்போன் அட்டையைக் கையில் சாய்த்துப் பிடித்து எனக்குக் காட்டினார். பௌதிக வாத்தியார் யாரும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. அமெரிக்காவின் பெரிய ஏரிகளில் இன்னொரு முறை வைத்திருக்கிறார்கள்: பீரங்கிக் குண்டு போல ஒரு கனத்த குண்டைத் தனிக் கம்பியில் இறக்கி, தூண்டில் கயிற்றை அதில் ஒரு கவ்வியால் மாட்டிவிடுவது, கடித்ததும் கவ்வி விட்டுவிடும். அதற்குக் கப்பி, உருளை என்று செலவு அதிகம். பலகை ஏழையின் கருவி.

கயிறு இழுப்பது நமக்குப் புதிது என்று யாரும் நினைக்க வேண்டாம். கட்டுமரத்தில் பாய் விரித்துப் போகிறபோது பின்னால் ஒரு கயிறு விட்டு, கொக்கியில் வெள்ளைக் கோழி இறகோ ஜரிகை நூலோ கட்டி வஞ்சிரத்தையும் சூரையையும் பிடிப்பது நம் கடற்கரை முழுக்க இருந்த பழக்கம். க்ருவாவில் சோளத் தோல், இங்கே கோழி இறகு. அவ்வளவுதான் வித்தியாசம். கட்டுமரம் கரையை விட்டுத் தூரம் போகாது என்பதும் தவறு. கோலாப் பருவம் வந்தால், அதாவது மே முதல் ஜூலை வரை, கட்டுமரங்கள் கரை மறையும் தூரம் போகும். கடலில் இலைதழைக் கட்டுகளை மிதக்கவிட்டு, முட்டையிட அதை நாடி வரும் கோலா மீன்களை அள்ளுவார்கள். சென்னை மாகாண மீன்துறைக்கு 1908ல் வந்து பின்னர் அதன் இயக்குநரான ஜேம்ஸ் ஹார்னெல், சோழமண்டலக் கரையின் இந்தக் கோலா மீன்பிடிப்பைப் பற்றி 1923ல் விரிவாகவே எழுதியிருக்கிறார். சிறகு போன்ற துடுப்பை விரித்துப் பறக்கும் அந்தக் கோலா யாருக்குப் பயந்து பறக்கிறது? சூரைக்குத்தான். கோலா இருக்கும் இடத்துக்குக் கட்டுமரத்தில் போனவன் சூரை இருக்கும் இடத்துக்குத்தான் போனான்.

அப்படியானால் சூரைத் தொழில் ஏன் நம் ஊரில் வளரவில்லை? இதைத்தான் அன்று வீட்டுக்கு வந்த பிறகும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

முதல் காரணம் இறால். 1952 அக்டோபரில் இந்தியாவும் நார்வேயும் ஐ.நா.வும் ஓர் ஒப்பந்தம் போட்டன. அடுத்த ஆண்டு கொல்லம் அருகே நீண்டகரையில் வேலை தொடங்கியது. மீனவர் உண்ணும் மீனை அதிகம் பிடிக்கவும், படகுக்கு எஞ்சின் வைக்கவும், சுகாதாரத்துக்கும் என்றுதான் அது ஆரம்பித்தது. ஆனால் உறைய வைத்த இறாலை அமெரிக்கா வாங்கத் தொடங்கியதும் எல்லாம் இறாலாகிவிட்டது. கடலடியை வாரும் இழுவை மடி கேரளத்திலிருந்து நம் பக்கம் வந்தது. கடலூரிலும் பரங்கிப்பேட்டைப் பக்கம் முடசல்ஓடை, அன்னங்கோயிலிலும் விசைப்படகு என்றாலே இறால் மடி என்றாயிற்று. இறால் இருப்பது கரையோரச் சேற்றுத் தரையில். சூரை இருப்பது எதிர்த்திசையில், ஆழத்தில். படகின் மூக்கு கரைப்பக்கம் திரும்பிவிட்டது.

இரண்டாவது, பனிக்கட்டி. சூரை செத்த பிறகும் உடம்புச் சூடு அடங்காது. உடனே குடலை எடுத்துப் பனிக்கட்டியில் புதைக்காவிட்டால் சதையில் ஒரு நச்சு உண்டாகும். சாப்பிட்டால் முகம் சிவந்து, உடம்பெல்லாம் தடிப்பு வரும். சமைத்தாலும் அது போகாது. கட்டுமரத்தில் பனிக்கட்டிப் பெட்டிக்கு இடம் ஏது? ஆகவே பிடித்ததை உப்பு போட்டுக் கருவாடாக்கினார்கள், விலையும் கருவாட்டு விலைதான். ஜப்பான்காரன் பச்சையாகத் தின்ன இதே மீனுக்குப் பொன் விலை கொடுக்கிறான் என்பது நம் மீனவர் காதுக்கு வந்தது ரொம்பப் பிற்பாடு.

ஆனால் ஜப்பான்காரனுக்கு நம் கடல் முன்பே தெரியும். 1952லேயே அவர்களுடைய நீளக்கயிற்றுக் கப்பல்கள் இந்துமாக் கடலுக்கு வந்துவிட்டன. பல மைல் நீளக் கயிறு, அதில் ஆயிரக்கணக்கில் கொக்கிகள். 1976ல் நாம் சட்டம் போட்டு 200 கடல் மைல் வரை நம் பொருளாதார மண்டலம் என்றோம். அப்புறமும் வாடகை ஒப்பந்தம், கூட்டு நிறுவனம் என்று வேறு பெயரில் அந்நியக் கப்பல்கள் வந்தன. 1991ல் வந்த ஆழ்கடல் கொள்கையை எதிர்த்து 1994ல் நாடு முழுக்க மீனவர் வேலைநிறுத்தம் செய்தார்கள். முராரி குழு அமைக்கப்பட்டது. 1996ல் அது அறிக்கை கொடுத்தது. அந்நியக் கப்பலுக்கு உரிமம் வேண்டாம், நம் மீனவருக்கே பயிற்சியும் படகும் கொடுங்கள் என்பது அதன் சாரம்.

என் க்ருவாக்காரர்களின் கதையும் இங்கே வந்து சேர்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனியில் பாய்க்கப்பலும் தாங்கோனும் போய்விட்டன. பெரிய இரும்புக் கப்பலும், மீன் கூட்டத்தையே வளைத்துச் சுருக்கும் வலையும் வந்தன. கொங்கார்னோ துறைமுகத்துக் கப்பல்கள் முதலில் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்குப் போயின. அங்கே மீன் குறைந்ததும் 1980களின் தொடக்கத்தில் சேஷெல்ஸ் தீவுகளைத் தளமாக வைத்து நம் இந்துமாக் கடலுக்கே வந்துவிட்டன. கயிற்றில் ஒன்றொன்றாகப் பிடித்தவரின் பேரன்மார் வலையில் கூட்டம் கூட்டமாகப் பிடித்தார்கள்.

அதையேதான் இங்கும் செய்தோம், சின்ன அளவில்.

2004 டிசம்பர் 26 பற்றி நம் மாவட்டத்துக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. தேவனாம்பட்டினம், எம்.ஜி.ஆர். திட்டு என்று 600 பேருக்கு மேல் இழந்தோம். கட்டுமரங்கள் அத்தோடு போயின. நிவாரணமாக வந்தவை கண்ணாடி இழைப் படகுகள். அதற்குப் பிறகான ஆண்டுகளில்தான் சுருக்குமடி வலை நம் கரையில் பெருகியது. பெயரே சொல்லும்: நம் பாட்டிமார் இடுப்பில் செருகும் சுருக்குப்பை போல. மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து, அடியில் வளையங்கள் வழியாகப் போகும் கயிற்றை இழுத்தால் பை வாய் மூடிக்கொள்ளும். ஒரு வலைக்கு முப்பது நாற்பது ஆட்கள், பல லட்சம் முதல். ஊரில் பல குடும்பங்கள் நகையை வைத்துப் பங்கு போட்டு வாங்கியிருக்கிறார்கள். மத்தி, கானாங்கெளுத்தி, சிறு சூரை எல்லாம் ஒரே வளைப்பில் டன் கணக்கில் வரும். பக்கத்து ஊர்க்காரனின் சின்ன வலைக்கு அன்று எதுவும் மிஞ்சாது.

சட்டப்படி அந்த வலைக்குத் தமிழ்நாட்டில் 2000லேயே தடை. 1983ஆம் ஆண்டுச் சட்டம் கரையிலிருந்து 3 கடல் மைல் வரை விசைப்படகு வரக்கூடாது, அது சிறு மீனவருக்கு என்று சொன்னது. அந்த 3 மைல் எங்கிருந்து வந்தது தெரியுமா? பழைய காலத்தில் கரையிலிருந்து பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரைதான் ஒரு ராஜ்யத்தின் கடல் என்று ஐரோப்பியர் வைத்திருந்தார்கள். அதுதான் பின்னால் 3 மைலாக நிலைத்தது என்று சட்டப் புத்தகங்கள் சொல்லும். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் 1690ல் ஆங்கிலேயக் கம்பெனி தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடம் வாங்கியபோதும் எல்லை அளந்தது பீரங்கியால்தான். குண்டு விழுந்த தூரத்துக்கு உட்பட்ட கிராமங்கள் எல்லாம் கம்பெனிக்கு. அவற்றுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர். நிலத்தையும் பீரங்கியால் அளந்தான், கடலையும் பீரங்கியால் அளந்தான். சூரைக்கு இந்த அளவு எதுவும் தெரியாது.

தடை ஏட்டில் இருந்தது, வலை கடலில் இருந்தது. 2020ல் அதிகாரிகள் தடையைக் கெடுபிடியாக அமல்படுத்தப் போனபோது, கடன் வாங்கி வலை வாங்கிய ஊர்கள் போராட்டத்தில் இறங்கின. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் நமக்கு அடுத்த புதுச்சேரிப் பக்கம், வீராம்பட்டினத்துக்கும் நல்லவாட்டுக்கும் இந்த வலையை வைத்தே மோதல் வந்து, போலீஸ் வானத்தை நோக்கிச் சுட்டது. கொண்டு கொடுத்த ஊர்கள் ஐயா இவை. இந்த ஊர்ப் பெண் அந்த ஊர் மருமகள். கடைசியில் உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் ஓர் இடைக்கால உத்தரவு போட்டது: 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை. கடலுக்குப் போகக் கிழமையையும் கடிகாரத்தையும் பார்க்க வேண்டிய காலம் வந்துவிட்டது. நான் யார் பக்கமும் பேசவில்லை. வலை வைத்தவனுக்கும் கடன் இருக்கிறது, வலை இல்லாதவனுக்கும் வயிறு இருக்கிறது.

ஆனால் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும், அதில் எனக்கும் பங்கு உண்டு.

1980களில் நான் குமாஸ்தாவாக இருந்த ஓர் அலுவலகத்தில் மானிய விண்ணப்பங்கள் என் மேசைக்கு வரும். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். அப்போதுதான் கட்டுமரத்துக்கும் வள்ளத்துக்கும் வெளிப்பொருத்து எஞ்சின் வரத் தொடங்கிய காலம். படிவத்தில் படகு, எஞ்சின், வலை என்று மூன்று கட்டங்கள். பரங்கிப்பேட்டைக்கு அருகே ஒரு கிராமத்திலிருந்து ஒருவர் விண்ணப்பம் கொடுத்தார். வலைக் கட்டத்தை அடித்துவிட்டு, பக்கத்தில் 'கயிறு, ஈயம், கம்பி, தூண்டில்' என்று எழுதியிருந்தார். தொகையும் வலைக்குக் கேட்பதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எஞ்சின் வந்துவிட்டால் பாய்க் காற்றுக்குக் காத்திருக்காமல் கயிறு இழுக்கலாம், சூரைக்குப் போகலாம் என்று அவர் கணக்குப் போட்டிருக்கிறார். நான் என்ன செய்தேன்? 'வலை தவிர பிற உபகரணங்களுக்கு விதிகளில் இடமில்லை' என்று பச்சை நாடா கட்டித் திருப்பினேன். விதிப்படி சரிதான். மேலதிகாரி ஒரு சொல் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். ஆறு மாதம் கழித்து அதே ஆள் வலைக்கு விண்ணப்பம் கொடுத்தார், உடனே மஞ்சூராயிற்று. அவர் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போனபோது என்னைப் பார்த்து, "கயிறுன்னா கெவுருமெண்டுக்குப் புடிக்காதா சாமி?" என்று கேட்டார். நான் சிரித்து வைத்தேன்.

கயிற்றை நான் உயர்த்திப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அதன் குறை பெரிது. கயிறு இழுக்க எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். டீசல் விற்கும் விலையில் இரண்டு நாள் ஓடி ஒன்றும் கடிக்காமல் வந்தால் அந்த மாதம் முழுகிவிடும். நீளக்கயிற்றை விரித்துவிட்டு எஞ்சினை நிறுத்திக்கொள்ளலாம். இதில் அது முடியாது. ஒரு படகில் இரண்டு மூன்று பேருக்குத்தான் வேலை; சுருக்குமடி போல நாற்பது வீட்டுக்கு அடுப்பெரிக்காது. எஞ்சினும் வயர்லெஸ்ஸும் சரியில்லாமல் விளிம்புக்குப் போகிறவன் உயிரைப் பணயம் வைக்கிறான். குமரி மாவட்டத்துத் தூத்தூர் வட்டாரத்து ஆட்கள் தூண்டில் தொழிலில் இந்தியாவிலேயே கெட்டிக்காரர்கள். சுறாவுக்கும் சூரைக்கும் குஜராத் வரை போவார்கள், வாரக்கணக்கில் கடலில் இருப்பார்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அவர்களைத்தான் நடுக்கடலில் பிடித்தது. க்ருவாவின் 1930 இங்கே 2017ல் வந்தது.

அதே 2017ல்தான் அரசு சூரைக்குப் படகு கொடுக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. பாக் நீரிணையில் இலங்கைக் கடற்படையிடம் சிக்கும் இழுவைப் படகுகளை ஒப்படைத்துவிட்டு ஆழ்கடல் சூரைப் படகு வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். அப்போது விலை 80 லட்சம். பாதியை மத்திய அரசும் ஐந்தில் ஒரு பங்கை மாநில அரசும் தரும் என்பது ஏற்பாடு. மீதியில் 8 லட்சம் கையிலிருந்து, 16 லட்சம் வங்கிக் கடன். 2000 படகு என்று இலக்கு வைத்தார்கள். இலக்குக்கு அருகில்கூடப் போகவில்லை. ராமேஸ்வரத்துக்காரர் காலையில் போய் மறுநாள் காலை திரும்பிப் பழகியவர். பத்து இருபது நாள் கடலில் கிடப்பதும், கொக்கிக்கு இரை தேடுவதும், சூரையின் மூளையில் கம்பி குத்தி உடனே குளிரூட்டுவதும் ஒரு பயிற்சி வகுப்பில் வந்துவிடுமா? தூத்தூர்க்காரனுக்கு அது மூன்று தலைமுறைப் பாடம். ராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சாவூர், நாகப்பட்டினம் மாவட்டங்களுக்கென்று வந்த அந்தத் திட்டத்தில் கடலூர் இல்லை. நமக்கு இலங்கைத் தகராறு இல்லாததால் சூரைப் படகும் இல்லை போலிருக்கிறது.

துறைமுகத்துப் பெரியவரிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். அந்தப் பலகையை எங்கே வாங்கினார்?

"வாங்கறதா? மவன் செல்போன்ல பாத்தான் சார், வெள்ளக்காரன் ஒருத்தன் வெச்சிருக்கான். தகர டப்பாவ வெட்டி, ஈயத்த உருக்கி ஊத்தி நாங்களே பண்ணிக்கிட்டோம். மொதல்ல மூணு பலவ தலைகீழா சுத்திக்கிட்டே கெடந்துச்சு. நாலாவதுதான் குத்திச்சு."

"மகனும் உங்களோட வருவாரா?"

"அவன் திங்களும் வியாழனும் சுருக்குவலைக்குப் போயிடுவான். பங்கு கடன் இருக்குல்ல. மத்த நாள் எங்கூட."

அதற்குள் கேரள வண்டிக்காரர் வந்துவிட்டார். மீனின் வாலருகே கத்தியால் சின்னதாகக் கீறி, சதையின் நிறத்தைப் பார்த்து, ஒரு விலை சொன்னார். பெரியவர் பேரம் பேசவில்லை. பனிக்கட்டியை மண்வெட்டியால் அள்ளி மீன்மேல் போட்டு மூடினார்கள். மஞ்சள் துடுப்பு மட்டும் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நான் வாங்க வந்த வஞ்சிரம் அதற்குள் விற்றுப்போயிருந்தது. கால் கிலோ நெத்திலி வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன்.